தையலுக்கு விட்ட அரை அடி

மூன்றே மாதத்தில் சாவி உங்கள் கையில் என்று தரகர் சொன்னார். சொன்னவர் இப்போது அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டுவதில்லை. இது பதினோராவது மாதம்.

போன வாரம் நாம் இவர்களை விட்டுவிட்டு வந்தபோது டெய்லர் தன் கடையில், மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், அவரை யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். டெய்லரும் அவர் மனைவியும் இருபத்து மூன்று வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியவர்கள். அவர் வெட்டித் தைப்பார். அவள் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள். அதனால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. இருவருமாக, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடைய வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டில் பாதி, இரண்டு வருடத்துக்கு முன் காலமான கண்டக்டரின் மனைவி பேரில் இருந்தது. அதற்கு வாரிசுச் சான்று வாங்க நான்கு மாதம். வெளிநாட்டில் இருக்கும் கண்டக்டர் மகனின் சம்மதக் கடிதம் வந்து சேர இரண்டு மாதம். வங்கிக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது ஒன்றரை மாதம். எல்லாம் முடிந்து, இனி பதிவுதான் என்று மூச்சு விட்ட நேரத்தில் வந்தது அளவு.

மூலப் பத்திரத்தில் அளவு எழுதியிருந்த பக்கத்தைச் செல் அரித்திருந்தது. அகலம் எத்தனை அடி என்று யாராவது அளந்து சொல்லுங்கள் என்றார் வக்கீலம்மா. அளப்பது என்றால் டெய்லர்தானே! கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தரையில் நான்கு முறை போட்டு அளந்தார். அளந்தது பத்தொன்பதரை அடி. சீட்டில் எழுதிக் கொடுத்தது இருபது அடி.

சர்வேயர் வந்து பத்தொன்பதரைதான் என்று சொன்னதும் எல்லோரும் டெய்லரைப் பார்த்தார்கள். அவர் கழுத்து டேப்பைத் தொட்டுக்கொண்டு, "தையலுக்கு விட்டேன்," என்றார்.

முப்பது வருடத்துப் பழக்கம். எதை அளந்தாலும், எழுதும்போது கை தானாகத் தையலுக்குக் கொஞ்சம் சேர்த்து எழுதும். சட்டைக்கு ஒரு அங்குலம் விட்டால் வீட்டுக்கு அரை அடியாவது விட வேண்டாமா என்று சர்வேயர் கேட்டார். அந்த நகைச்சுவை ஊரெல்லாம் சுற்றியது. பத்திரம் முழுவதையும் திருத்தி எழுத ஏழு வாரம் ஆயிற்று.

இன்றைக்கு ஒப்பந்தத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் பதிவாகவில்லை என்றால் ஒப்பந்தம் செல்லாது. வேறொரு ஆள் தயாராக இருக்கிறான், கெடு தாண்டினால் அவனுக்குத்தான் என்று கண்டக்டரின் மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

காலை ஒன்பதரை மணிக்கு வக்கீலம்மா அவசரமாகக் கூப்பிட்டபோது காஜா அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கடையைத் திறந்த சூட்டிலேயே பூட்டிவிட்டு ஓடினார்கள்.

வக்கீலம்மாவின் மேஜை மேல் ஒரே ஒரு காகிதம் இருந்தது.

"மூலப் பத்திரத்தோட நகல். ஆவணக் காப்பகத்துக்கு எட்டு மாசம் முன்னாடி மனு எழுதிப் போட்டிருந்தேன். கிணத்துல போட்ட கல்லுன்னு நினைச்சேன், இன்னிக்குக் காலையில வந்து நிக்குது. அகலம் எவ்வளவு போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

டெய்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு காகிதத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அகலம் இருபது அடி என்று எழுதியிருந்தது.

"நான் அளந்தது பத்தொன்பதரைதாங்க. கைதான் கூட்டிச்சு," என்றார் டெய்லர், ஏதோ குற்றம் செய்தவர்போல.

"உங்க கைக்கு எம்பத்து நாலு வருஷத்துப் பத்திரம் தெரிஞ்சிருக்கு," என்றார் வக்கீலம்மா. அவர் சிரிக்கவில்லை.

காஜா அக்கா அளவைத் தாண்டிக் கீழே படித்துக்கொண்டிருந்தாள். வீடே இல்லாத காலத்தில் எழுதியது. வெறும் மண். மேற்கே வண்டிப் பாதை, கிழக்கே ஆளில்லாத வெற்றிடம். 'மேற்படி நிலமும், அதன் மேல் விழும் வெயிலும் மழையும்' என்று எழுதியிருந்தான் அந்தப் பத்திரம் எழுதியவன். வெயிலையும் மழையையும் கூடவா விற்பார்கள்? அடியில் ஒரு பெண்ணின் கைநாட்டு. அந்தப் பெருவிரலின் ரேகை ஒவ்வொன்றும் இன்னும் எண்ணிப் பார்க்கலாம்போல இருந்தது. அந்த விரலுக்குச் சொந்தக்காரி இன்று இல்லை, அவள் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள், ரேகை இருக்கிறது. காஜா அக்கா அந்த ரேகையைத் தொட்டுப் பார்த்தாள். பதினோரு மாதமாக வீடு வாங்குகிறோம் வீடு வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, என்ன வாங்குகிறோம் என்பது அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது.

"அப்ப அந்த அரை அடி எங்கம்மா போச்சு?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டு மதில் சுவர் உங்க பக்கம் உள்ள வந்திருக்கு. பல் டாக்டர் வீடு. சர்வே முடிஞ்சதும் எல்லையை உறுதிப்படுத்தச் சொல்லி ரெண்டு கடிதம் போட்டும் அவங்க பதிலே தரலை." வக்கீலம்மா இன்னொரு தாளை நீட்டினார். "சுவர் நிக்கிற இடத்துலயே நிக்கட்டும், ரெண்டு பக்கமும் தகராறு இல்லைன்னு எழுதியிருக்கேன். டாக்டர் கையெழுத்து வேணும், கண்டக்டர் கையெழுத்து வேணும். இது இல்லாம பதிவு நடக்காது. அஞ்சு மணிக்குள்ள. ஞாபகம் வெச்சுக்கங்க."

டெய்லர் கண்டக்டரை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவது என்றும், காஜா அக்கா பல் டாக்டரிடம் போவது என்றும் முடிவாயிற்று. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் லீவு போட்டுவிட்டு, முன்னதாகவே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டின் முன்பகுதியிலேயே இருந்த பல் டாக்டரின் மருத்துவமனையில் ஒன்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

"பல்லு இல்லம்மா. சுவரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேரேட்டில் பத்தாவதாக 'சுவர்' என்றே எழுதிக்கொண்டாள். உள்ளே இயந்திரம் கொர்ரென்று கத்தும்போதெல்லாம் காஜா அக்காவின் நல்ல பற்களும் சேர்ந்து கூசின. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றாயிற்று. மகள் போன் செய்தாள்.

"அம்மா, ஒன்பதாம் நம்பர் ஓடுது. நம்மது முப்பத்தொண்ணு. அப்பா நகத்தைக் கடிச்சுக் கடிச்சு இப்ப கடிக்க நகமே இல்ல."

இரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். வேறு இருக்கை இல்லாததால் பல் பிடுங்கும் நாற்காலியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. பல் டாக்டருக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். தாளை ஒரே பார்வையில் படித்துவிட்டு முகமூடியைக் கழற்றினார்.

"நீங்க எப்ப வருவீங்கன்னு ஏழு வாரமா பயந்துக்கிட்டு இருந்தேங்க்கா. ஊர்ல இருக்கிற வாயெல்லாம் திறக்க வெக்கிறேன். என் வாயைத் திறக்கத்தான் முடியலை."

"ஏன் டாக்டரம்மா? தெரியாம நடந்திருக்கும். நாங்க இடிக்கச் சொல்ல வரலை."

"தெரியாம நடக்கலைக்கா. இங்க வாங்க."

பின்பக்க ஜன்னலைத் திறந்தார். அந்தச் சுவர் தெரிந்தது. காஜா அக்கா அதை அந்தப் பக்கத்திலிருந்து பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறாள். குட்டையான சுவர். என்ன கஞ்சத்தனம், இன்னும் நாலு வரிசை கல் வைத்திருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்திருக்கிறாள்.

"அப்பா இந்த வீட்டைக் கட்டும்போது எனக்குப் பதினோரு வயசு. கொத்தனார் நூல் பிடிச்சதுல தப்பாயிடுச்சு. முழங்கால் உயரம் எழும்பினப்புறம்தான் தெரிஞ்சது. கண்டக்டர் அங்கிள் டூட்டிக்குப் போயிருந்தாரு. ஆன்ட்டி துணி காயப் போட வந்தவங்க பார்த்துட்டாங்க. கையால அளந்து, 'முக்கால் சாண் உள்ள வந்துட்டீங்களே'ன்னு கேட்டாங்க. கொத்தனாருக்கு முகம் செத்துப் போச்சு. இடிச்சுக் கட்டினா அவரு கூலியிலதான் போகும்."

"அப்புறம்?"

"ஆன்ட்டி கொத்தனார் முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம், 'இருக்கட்டும்ப்பா, எழுப்பினதை இடிக்காதே'ன்னாங்க. எங்க அப்பா பணம் தர்றேன்னாரு, வேண்டாம்னுட்டாங்க. 'அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா இந்த அரை அடிக்கு ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடப்பாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சுவரை என் தலைக்கு மேல ஏத்தாதீங்க. காலையில அடுப்படிக்கு வெயில் வரணும்'னாங்க."

டாக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"அவங்களைச் சுவரோரமா நிக்க வெச்சு, தலைக்கு நேரா கொத்தனார் கோடு போட்டாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அந்த உயரம்தான்க்கா இது. எங்க அப்பா சாகிற வரைக்கும் ஒரு கல்லு மேல வைக்க விடலை."

காஜா அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கண்டக்டரின் மனைவியை அவள் பார்த்ததே இல்லை. கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் முகம் மட்டும்தான் உண்டு. இப்போது ஆள் முழுசாக எதிரே வந்து நிற்பதுபோல இருந்தது. இவ்வளவு உயரம். இவ்வளவுதான் உயரம். அடேயப்பா, என்ன பெண்பிள்ளை! அரை அடி நிலத்தைக் கொடுத்துவிட்டு, கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடாமல், கொஞ்சம் வெயிலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறாளே!

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"அங்கிள் என்னைத் திருடின்னு நினைச்சுடுவாரோன்னுதான் பதில் எழுதலை. அவர்கிட்ட சொல்றதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலைக்கா. உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க."

கையெழுத்து கிடைத்த சந்தோஷத்தில் படியிறங்கியவள், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் டாக்டர் தன் தலைப்பாரத்தை இவள் தலைக்கு மாற்றிவிட்டதை உணர்ந்தாள். சொன்னால் கண்டக்டர் என்ன செய்வார்? அழுவாரா, கோபிப்பாரா, வீட்டை விற்கவே மாட்டேன் என்பாரா? சொல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இருபத்து மூன்று வருடம், ஐந்து வாடகை வீடு. ஆணி அடிக்காதே, தண்ணீரை வீணாக்காதே, மெஷின் சத்தம் கேட்கிறது என்று எத்தனை பேச்சு கேட்டாயிற்று! இன்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா?

முடியும் என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

பதிவு அலுவலகத்தில் மணி மூன்று ஐம்பது. டோக்கன் இருபத்தாறு. கண்டக்டர், டெய்லர் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையில், வரிசையில் நின்றவர்களைத் தலை தலையாக எண்ணிக்கொண்டிருந்தார். பழைய தொழில் விடவில்லை.

"வாம்மா தங்கச்சி. உள்ள நாப்பத்திரண்டு பேரு. உட்கார இடம் இருபது பேருக்கு. எந்த ரூட்டுல பார்த்தாலும் இதே கதைதான்," என்று சிரித்தார்.

தாளை வாங்கிப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"அரை அடி அவங்க பக்கமா? முப்பத்தோரு வருஷமாவா?"

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"தினம் என்னைப் பார்த்து வணக்கம் வெச்சானேம்மா அந்த டாக்டரோட அப்பன்! கூடவே என் நிலத்தையும் சுருட்டிக்கிட்டானா? டெய்லர் தம்பி, உன் கை கூட்டி எழுதினதுதான் நியாயமா போச்சு. நாங்கதான் உன்னைப் பார்த்துச் சிரிச்சோம்." அவர் முகம் சிவந்திருந்தது. "சரி. செத்தவன்கிட்ட போய் என்ன கேக்கிறது! திருட்டுப் பய. எங்கம்மா கையெழுத்து போடணும்?"

காஜா அக்கா இடத்தைக் காட்டினாள். மகள் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கினார். தாளைத் தொடையில் வைத்து நேராக்கினார்.

"அண்ணே," என்றாள் காஜா அக்கா. "அவரு திருடலை."

டெய்லர் மனைவியைப் பார்த்தார். என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். பேசாமல் இரு என்று கண்ணால் கெஞ்சினார்.

அவள் சொல்லிவிட்டாள். முழங்கால் சுவர், கொத்தனார், முக்கால் சாண், அடுப்படி வெயில், தலைக்கு நேராகப் போட்ட கோடு, எல்லாம். டாக்டர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

கண்டக்டர் சுவர் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். இருபத்தேழு என்று கூப்பிட்டார்கள்.

"சுவரு ஏன் இவ்வளவு குட்டையா இருக்குன்னு வருஷா வருஷம் கேப்பேன்," என்றார். "ஏத்திக் கட்டச் சொல்லட்டுமான்னு. 'இருந்துட்டுப் போகட்டும் விடுங்க'ம்பா. அவ என் தோளு வரைக்கும்தான் இருப்பா." தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தச் சுவரும் என் தோளு வரைக்கும்தான்மா இருக்கு. அதுல துண்டு காயப் போட்டிருக்கேன். சாய்ஞ்சு நின்னு பேப்பர் படிச்சிருக்கேன். எனக்குத் தெரியலையே."

பேனாவை மகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும்."

மணி நாலு ஐந்து. வீட்டுக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அதுவும் வழியில் நெரிசல் இல்லாவிட்டால்.

காஜா அக்கா வாயைத் திறப்பதற்குள் டெய்லர் எழுந்துவிட்டார். பதினோரு மாதம் நகம் கடித்த மனிதர், ஏழு வாரம் எல்லோர் வாயிலும் விழுந்த மனிதர், சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாங்கண்ணே. நான் கூட்டிட்டுப் போறேன்."

இருபத்து மூன்று வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவள், இந்த மனிதரை இப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

"உனக்கென்ன பைத்தியமாம்மா?" மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "பேனா அவரு கையில இருந்துச்சு! கையெழுத்து போட்டப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"போட்டுட்டா அது நம்ம வீடுடி. அப்புறம் அவரு அந்தச் சுவரைப் பார்க்கணும்னா நம்ம கதவைத் தட்டி, பார்த்துக்கட்டுமான்னு கேட்டு நிக்கணும். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் அது அவரு சுவரு."

மகள் தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். காஜா அக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னதற்காக வருத்தப்படத் தோன்றவில்லை. மூன்று மாதம் போதும் என்ற தரகரை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. முப்பத்தோரு வருடம் உள்ளே இருந்தவருக்கே இன்னும் வீட்டைப் பார்த்து முடியவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் பதினோரு மாதத்துக்கு அலுத்துக்கொள்ளலாமா?

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதாம் நம்பர்காரர்கள் வரவே இல்லை. நாலு முப்பத்தைந்துக்கு, "முப்பத்தொண்ணு!" என்று குரல் வந்தது.

கோப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அலுவலர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. வீட்டை விக்கிறவரு எங்க?"

"வீட்டைப் பார்க்கப் போயிருக்காருங்க."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கப் போறவங்கதாம்மா போய்ப் பார்ப்பாங்க. விக்கிறவரு என்னத்தைப் பார்க்கப் போறாரு?"

"அவரும் இன்னிக்குத்தாங்க பார்க்கிறாரு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கோப்பைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கைப்பக்கமாகவே வைத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அவள் மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.